களிமண் ஓவன்: பல பருவங்கள் சமைத்த பிறகு

புதிதாகக் கட்டிய ஓவன் எதுவாக இருந்தாலும் நன்றாகத்தான் சுடும். மழையும் வெயிலும் மாறிமாறி அடித்த பிறகு அது எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. என் களிமண் ஓவன் நின்றிருக்கிறது. அதற்கு எமன் நெருப்பு அல்ல, ஈரம்.

அமைப்பு எளிது. இடுப்பளவு மேடை. அதன்மேல் காலிக் கண்ணாடிப் பாட்டில்களை மண்ணுக்குள் படுக்க வைத்த அடுக்கு. சூடு கீழே இறங்காமல் தடுப்பது இதுதான். அதற்கு மேல் தீச்செங்கல் தளம். ஈர மணலைக் குவித்து அச்சாக்கி, ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டரைப் பங்கு மணல் சேர்த்து மிதித்த கலவையால் மூடி, இறுகியதும் உள்மணலை வாரிவிட்டேன். வெளிப்பூச்சு வைக்கோல் கலந்த களிமண். வாயின் உயரம் உட்கூரை உயரத்தில் சுமார் 63 சதவீதம் இருக்க வேண்டும். வாய் உயர்ந்தால் சூடு ஓடிவிடும். தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத் திணறும்.

தீ மூட்டியதும் உட்கூரை கருத்துப்போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிந்ததும் உச்சியில் உள்ளங்கையளவு கரி மறைந்து மண் வெளுக்கும். அந்த வெளுப்பு மெல்லப் பக்கவாட்டில் இறங்கும். அங்கே கரி எரிந்துபோகும் அளவுக்குச் சூடு ஏறிவிட்டது என்று பொருள். பிறகு கங்குகளை வாரி, ஈரத்துணியால் தளத்தைத் துடைத்து, கதவைச் சாத்திச் சற்று நேரம் விட வேண்டும். ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் தூவிப் பாருங்கள். உடனே கருகினால் பொறுங்கள்; நிதானமாகச் சிவந்தால் ரொட்டியை உள்ளே தள்ளலாம். என்னிடம் வெப்பமானி இருக்கிறது, மாவைத்தான் நம்புகிறேன்.

இறங்கும் சூட்டுக்கு ஏற்பச் சமைப்பதில்தான் இந்த ஓவனின் ருசி இருக்கிறது. முதலில் மெல்லிய ரொட்டிகள், அடுத்து தடித்த ரொட்டி, பிறகு மூடிய சட்டியில் பயறும் கிழங்கும். மறுநாள் காலையிலும் மிஞ்சும் வெதுவெதுப்பில் அடுத்த முறைக்கான சுள்ளிகளை அடுக்கி வைப்பேன். ஈர விறகு தன் நீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும், புகையும் கிளப்பும்.

குறைகளும் உண்டு. கூரை இல்லாத களிமண் ஓவன் மழையில் கரைந்துவிடும். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றுவது அதைவிட மோசம்; உள்ஈரம் வெளியேற வழியில்லை. மழைக்காலம் முடிந்ததும் முதலில் சிறு தீ, அடுத்த நாள் சற்றுப் பெரிய தீ என்றுதான் போக வேண்டும். நனைந்த சுவரில் எடுத்த எடுப்பில் பெருந்தீ மூட்டினால் நீராவி மண்ணைச் சில்லுசில்லாகப் பெயர்த்துவிடும்.

மயிரிழை விரிசல்களைக் கண்டு பதற வேண்டாம். சூட்டில் விரியும், ஆறினால் மூடும். விரல் நுழையும் விரிசலானால் ஓரங்களை நனைத்து அதே மண்கலவையை அழுத்துங்கள். சிமெண்ட் பூச வேண்டாம். சூட்டில் அது மண்ணோடு சேர்ந்து அசையாது, உதிர்ந்துவிடும். கதவு தடித்த பலகை. உட்புறம் கருகிக்கொண்டே வரும், அவ்வப்போது மாற்றியாக வேண்டும். உட்புறம் தகடு அடிப்பதானால் துத்தநாகம் பூசியது கூடாது, அதன் புகை நச்சு.

அரை மணியில் சாப்பாடு வேண்டுமென்பவருக்கு இது சரிப்படாது. அவர் கரியடுப்பு வாங்கிக்கொள்ளட்டும்.