காவல்துறையை வெளியிலிருந்து சோதிக்கும் இரு வழிகள்

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 43 காவல் படைகளை இரண்டு சுதந்திர அமைப்புகள் வெளியிலிருந்து ஆராய்கின்றன. 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்ட அரச ஆய்வாளர் அமைப்பு, ஒரு படை முழுவதும் எவ்வளவு திறம்படவும் சிக்கனமாகவும் நேர்மையாகவும் இயங்குகிறது என்று அளந்து தரமிடுகிறது. 2018-இல் செயல்படத் தொடங்கிய காவலர் நடத்தைக்கான சுதந்திர அலுவலகமோ, காவலில் நேர்ந்த மரணம், கடுமையான முறைகேடு போன்ற குறிப்பிட்ட நிகழ்வுகளை விசாரிக்கிறது.

தனி மனிதருக்கு நீதி தேடுபவருக்கு இரண்டாவதே வழி. ஆயினும் யாரும் புகார் செய்யாத குறைகளை முதலாவதுதான் கண்டுபிடிக்கும் என்பதே, என் பார்வையில், அதன் பெரும் பலம். பொதுமக்களின் அழைப்புப் பதிவுகளைக் குற்றப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்ட குற்றங்களில் ஏறத்தாழ 19 சதவீதம் பதிவே செய்யப்படவில்லை என்று 2014-இல் மதிப்பிட்டனர்; பதிவேட்டில் ஏறாத குற்றத்தைக் காவல்துறையின் எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

ஆய்வாளர்களால் பரிந்துரைக்க மட்டுமே முடியும், உத்தரவிட முடியாது என்பது வருந்தத்தக்க குறை. எனினும் அறிக்கைகள் பொதுவெளியில் வருகின்றன. மிகவும் பின்தங்கிய படை, 2022-இல் லண்டன் பெருநகரக் காவல்துறை வைக்கப்பட்டதைப் போல, தீவிரக் கண்காணிப்பின்கீழ் வைக்கப்படுகிறது.