யானைக்கும் தூதருக்கும் ஒரே பதிவேடு: ஜோசன் வரலாற்றுத் தளம் எப்படி இருக்கிறது?

கொரிய சரித்திர சீரியல்களில் ஒரு காட்சி கட்டாயம் வரும். வெளிநாட்டுத் தூதர் வந்து இறங்குவார், ராஜாவின் முகம் இறுகும், மந்திரிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துவார்கள், அடுத்த எபிசோடில் வாள்சண்டை. இதெல்லாம் நிஜத்தில் எப்படித்தான் நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் விக்கிப்பீடியாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம், மூலப் பதிவேடே இணையத்தில் இருக்கிறது. காசு கிடையாது, கணக்கு தொடங்கச் சொல்லி நச்சரிப்பதும் கிடையாது. 'ஜோசன் வாங்ஜோ சில்லோக்' என்பார்கள், கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்து அரசர்களின் ஆட்சிப் பதிவேடு. தென்கொரிய அரசின் தேசிய வரலாற்றுத் தொகுப்பு நிறுவனம் இந்தத் தளத்தை நடத்துகிறது. நான் இதில் மேய்வது பெரும்பாலும் தூதர்கள், எல்லைப் பிரச்சினைகள் பற்றிய பதிவுகளுக்காகத்தான், அதனால் இந்த விமர்சனமும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் இருக்கும்.

முதலில் சரக்கு என்ன என்று பார்ப்போம். 1392 முதல் 1863 வரை, 25 அரசர்கள், 472 வருடங்கள், 1,893 பாகங்கள். 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. அளவை விட முக்கியமான விஷயம், இதை எழுதிய விதம். அரசர் இறந்த பிறகுதான் அவர் ஆட்சியின் பதிவுகளைத் தொகுப்பார்கள், அடுத்து வரும் அரசரும் அதைப் பார்க்கக் கூடாது. செஜோங் என்ற அரசர் தன் அப்பாவின் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டபோது அமைச்சர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அப்பா தேஜோங் 1404-இல் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து, இது வரலாற்று எழுத்தருக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னார், அவர் அப்படிச் சொன்னதும் சேர்ந்தே பதிவாகிவிட்டது! இப்படிப்பட்ட ஆட்கள் எழுதிய தூதுப் பதிவுகளில் பூசி மெழுகல் குறைவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

பயன்படுத்துவது சுலபம்தான். அரசர், வருடம், மாதம், நாள் என்று வரிசையாக அழுத்திக்கொண்டு போனால் அன்றைய பதிவுகள் வரும், ஒவ்வொன்றுக்கும் நவீன கொரிய மொழிபெயர்ப்பு, செவ்வியல் சீன மூலம் இரண்டும் உண்டு, பழைய ஏட்டின் படத்தையும் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது பதிவின் அடியில் இருக்கும் வகைப்பாடு. வெளியுறவு என்று மொத்தமாகப் போடாமல் ஜப்பான், மிங் (அன்றைய சீனா), ரியூக்யூ (இன்றைய ஒகினாவா), வடக்கே ஜுர்சென் மக்கள் என்று யாரோடு என்பதையும் பிரித்துக் குறித்திருக்கிறார்கள். எல்லை விவகாரம் படிக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

சரி, குறைகள். கொரிய மொழி தெரியாதவர்களுக்கு இந்தத் தளம் வரவேற்பு எதுவும் தராது. தேடுவதென்றால் கொரிய எழுத்திலோ சீன எழுத்திலோதான் தேட வேண்டும். பிரௌசர் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஓரளவு ஓட்டலாம், ஆனால் ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் அது படுத்தும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். செஜோங் காலப் பதிவுகளை ஆங்கிலத்தில் தரும் தனித் தளம் ஒன்றை அதே நிறுவனம் வைத்திருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. தேதிகள் சந்திர நாட்காட்டிப்படி இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் மாதம் என்றால் நம் பிப்ரவரி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும்.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன கிடைக்கும் என்று கேட்டால் நான் காட்டுவது இ யே என்ற மனிதரைத்தான். செஜோங் ஆட்சியின் 27-ஆம் வருடம், அதாவது 1445, இரண்டாம் மாதம் 23-ஆம் நாள் பதிவில் அவருடைய மரணக் குறிப்பு இருக்கிறது. அரண்மனைக் குடும்பத்துப் பிள்ளை இல்லை இவர், கொரியாவின் தென்கிழக்குக் கடற்கரை ஊரான உல்சானில் ஒரு சாதாரண உள்ளூர் குமாஸ்தா. எட்டு வயதில் இவருடைய அம்மாவை ஜப்பானியக் கடற்கொள்ளையர்கள் பிடித்துப் போய்விட்டார்கள். 1396-ஆம் வருடக் கடைசியில் அதே மாதிரி ஒரு கும்பல் உல்சான் ஆட்சியரையே தூக்கிக்கொண்டு போனபோது மற்ற குமாஸ்தாக்கள் ஓடி ஒளிந்துகொள்ள, இவர் மட்டும் ஒரு சக ஊழியரோடு அலுவலக வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, படகேறித் துரத்திப் போய், நடுக்கடலில் என்னையும் என் அதிகாரியோடு ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். கொள்ளையர்களே அசந்துபோய் ஏற்றிக்கொண்டார்கள். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் இருக்கும் சுஷிமா தீவில் கைதியாக இருந்தபோதும் ஆட்சியரிடம் அலுவலகத்தில் காட்டும் அதே மரியாதையைக் காட்டியதைப் பார்த்து, கொல்ல நினைத்தவர்கள் மனம் மாறினார்கள் என்கிறது பதிவு. ஜோசனிலிருந்து தூதர் போய் மீட்டுக்கொண்டு வந்த பிறகு அவரைக் குமாஸ்தா வேலையிலிருந்து விடுவித்துப் பதவி கொடுத்தார்கள்.

அப்புறம்தான் அவருடைய தூது வாழ்க்கை தொடங்குகிறது. 1400-இல் அம்மாவைத் தேட அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு தூதுக்குழுவோடு போகிறார். சுஷிமாவின் தலைவர் தலைமைத் தூதரைப் பிடித்து வைத்துக்கொள்ள, இவர் பரிசுப் பொருட்களைத் தானே எடுத்துக்கொண்டு பக்கத்து இகி தீவுக்குப் போய், பிடிபட்டவர்களை அனுப்புங்கள், கொள்ளையை நிறுத்துங்கள் என்று பேசுகிறார். வீடு வீடாகத் தேடியும் அம்மா கிடைக்கவில்லை. 1416-இல் ரியூக்யூ வரை போய் 44 பேரைக் கூட்டி வந்தார். மொத்தம் 40-க்கும் மேற்பட்ட பயணங்கள், அவர் மீட்டவர்கள் 667 பேர் என்று கொரியாவில் கணக்குச் சொல்கிறார்கள். 1443-இல் எழுபதைத் தாண்டிய வயதில், அந்தத் தீவின் ஆட்களை எனக்குத்தான் தெரியும், கிழவன் என்று அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள் என்று செஜோங்கிடம் மன்றாடிப் போயிருக்கிறார். எந்த சீரியல் எழுத்தாளரும் இப்படி ஒரு பாத்திரத்தை எழுதினால் மிகை என்று சொல்வோம்.

அதே 1443-இல் சுஷிமாவோடு ஓர் உடன்படிக்கை. வருடத்துக்கு 50 வணிகக் கப்பல்கள், தீவின் தலைவருக்கு 200 சோக் தானியம். சோக் என்பது அவர்களுடைய மூட்டைக் கணக்கு. 1419-இல் 227 கப்பல்களில் 17,285 வீரர்களை அந்தத் தீவுக்கு அனுப்பிய அதே அரசுதான் இது. படையெடுப்பால் மட்டும் அடங்காத கொள்ளையை அரிசியாலும் கப்பல் அனுமதியாலும் கட்டினார்கள். பதிவுகளை வரிசையாகப் படிக்கும்போது இந்த மாற்றம் மெதுவாக நடப்பது கண்ணுக்குத் தெரியும். எந்தக் கப்பலுக்கு யார் சீட்டுக் கொடுத்தார்கள், வந்தவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று ரேஷன் கடைப் பேரேடு மாதிரி போகும். சிலருக்கு இது தூக்கம் வரவழைக்கும். எனக்குச் சுவாரசியம் அங்கேதான்.

நடுவில் ஒரு யானைக் கதையும் உண்டு. 1411-இல் ஜப்பானின் ஷோகுன் (படைத்தலைவராக இருந்து நாட்டை ஆள்பவர்) அஷிகாகா யோஷிமோச்சி ஒரு யானையைப் பரிசாக அனுப்பினார். அந்த நாட்டில் அதுவரை பார்த்திராத மிருகம். அது தினமும் நாலைந்து மரக்கால் அவரை தின்றது என்று கவலையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் ஒரு முன்னாள் அதிகாரி அதைக் கேலி செய்து எச்சில் துப்ப, யானை மிதித்துக் கொன்றுவிட்டது. போர் அமைச்சர் அதை ஒரு தீவுக்கு நாடு கடத்தலாம் என்று சொல்ல, ராஜா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். தீவில் அது சாப்பிடாமல் மெலிந்து, ஆட்களைப் பார்த்தால் கண்ணீர் விடுகிறது என்று அறிக்கை வந்ததும் திரும்ப அழைத்தார்கள். பரிசை மறுக்கவும் முடியாது, வைத்துத் தீனி போடவும் முடியாது என்ற நிலைமையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிட முடியாது.

மிங் பேரரசின் தூதர்கள் வந்தால் இன்னும் செலவு. அவர்களில் சிலர் ஜோசனிலேயே பிறந்து சீன அரண்மனைக்கு அனுப்பப்பட்ட அண்ணகர்கள்தான், அதாவது விதை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்கள். யுன் போங் என்பவர் 1429-இல் கேட்டு வாங்கிக்கொண்டு போனது மட்டும் 200 பெட்டிகளுக்கு மேல், ஒரு பெட்டிக்கு எட்டுப் பேர் சுமக்க, விருந்தினர் மாளிகையிலிருந்து நகருக்கு வெளியே இருக்கும் கணவாய் வரை வரிசை அறுபடவில்லையாம். எழுத்தர் கோபத்தோடு எழுதினாரா என்று தெரியாது, ஆனால் வாசிக்கிற நமக்குக் கோபம் வருகிறது.

வடக்கு எல்லைப் பதிவுகள் அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. ஜுர்சென் குலத்தலைவர்களின் பெயர்கள் நீளம், யார் யாருக்குச் சொந்தம், யார் இந்த மாதம் நண்பர் என்று தலை சுற்றும். 1433-இல் தலைவர் மொங்கே தெமுர் கொல்லப்பட்டதும் அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்தி செஜோங் வடகிழக்கில் தூமென் ஆறு வரை எல்லையைத் தள்ளுகிறார், அவருடைய அதிகாரி கிம் ஜோங்-சோ அங்கே கோட்டைகள் எழுப்புகிறார். அந்த மொங்கே தெமுரின் வம்சத்தில்தான் பின்னாளில் மஞ்சு அரசை நிறுவிய நுர்ஹாசி வந்தார், அவர் மகனிடம் 1637-இல் ஜோசன் அரசர் மண்டியிட வேண்டியதாயிற்று. இந்தப் பகுதியைப் படிக்கும்போது பக்கத்தில் வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும், இது தளத்தின் தப்பு இல்லை. எல்லாமே தலைநகரத்துக் கண்ணால் பார்த்தது. சுஷிமாக்காரர் எப்போதும் வஞ்சகர், ஜுர்சென் எப்போதும் நன்றி கெட்டவர். பாறை நிறைந்த அந்தத் தீவில் விளைச்சல் இல்லாமல் மக்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அங்கங்கே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், ஒரு மதிப்பெண் போனது ஆங்கிலத்தில் தேட வசதி இல்லாததால். போரும் காதலும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குச் சரிப்படாது. தொடங்குகிறவர்கள் மேலே சொன்ன 1445 தேதிக்கு நேராகப் போய் இ யேயின் குறிப்பைப் படியுங்கள், பிறகு அவர் பெயரைக் கொரிய எழுத்தில் (이예) தேடல் பெட்டியில் ஒட்டிப் பின்னோக்கிப் போங்கள். ஈரெழுத்துப் பெயர் என்பதால் சம்பந்தமில்லாததும் நிறைய வரும், ஜப்பான் வகைப்பாடு இருப்பதை மட்டும் பார்த்தால் போதும்.