விண்டோஸ் உரிமச் சோதனையிலிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு: சிறு அலுவலகக் கணினிகளில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

காசு கொடுத்து வாங்கிய விண்டோஸே "இந்த நகல் உண்மையானதல்ல" என்று திரையின் மூலையில் எழுதிக் காட்டும்போது வரும் எரிச்சல் சாதாரணமானதல்ல. திருட்டு நகல் வைத்திருப்பவர் உரிமச் சோதனையை ஏமாற்றும் நிரலான ஒரு கிராக்கைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார். பில்லோடு வாங்கியவர்தான் மதர்போர்டு மாற்றிய மறுநாள் தன் நேர்மையை நிரூபிக்க உட்கார வேண்டியிருக்கிறது. டிடிபி சென்டர், பில்லிங் கவுன்ட்டர், சிறு அலுவலகம், வீடு என்று பல இடங்களில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டியதில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். மாறியதில் கிடைத்தது என்ன, மாறிய பிறகு எங்கெல்லாம் கல் தடுக்கும் என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். பிரின்டரையும் தமிழ் எழுத்துருவையும் பற்றிப் பேசாமல் "லினக்ஸுக்கு மாறுங்கள்" என்று மட்டும் சொல்வது யாருக்கும் உதவாது.

முதலில் இந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்பது. 2001இல் எக்ஸ்பி வந்தபோதே ஆக்டிவேஷன், அதாவது உரிமத்தை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து உறுதிப்படுத்தும் முறை, வந்துவிட்டது. 30 நாளுக்குள் முடிக்காவிட்டால் உள்ளே நுழைய முடியாது. 2006இல் 'ஜெனுயின் அட்வான்டேஜ்' அறிவிப்பு நிரல் பாதுகாப்பு அப்டேட்டுகளோடு சேர்ந்து தானாக வந்து இறங்கியது. அது தினமும் மைக்ரோசாஃப்ட் சர்வரைத் தொடர்புகொள்வது வெளியே தெரிந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்தார்கள். 2007 ஆகஸ்ட்டில் அந்தச் சர்வரிலேயே கோளாறு. சுமார் 19 மணி நேரம், முறையாக வாங்கிய கணினிகளும் போலி என்று பதில் பெற்றன. விஸ்டாவில் ஏரோ தோற்றம் உட்படச் சில வசதிகள் அணைந்தன. 2018 நவம்பரில் விண்டோஸ் 10 ப்ரோ உரிமம் வைத்திருந்த பலருக்கு, 'ஆக்டிவேட் ஆகவில்லை, உங்களிடம் இருப்பது ஹோம் உரிமம்' என்று வந்தது. 2019 ஜனவரியில் கேஎம்எஸ் முறையில் (நிறுவனத்தின் சொந்த சர்வரே ஆக்டிவேட் செய்யும் முறை) இயங்கிய விண்டோஸ் 7 கணினிகள் போலி என்று காட்டின. கேபி971033 என்ற அப்டேட்டை நீக்கச் சொல்லி அந்த நிறுவனமே வழிகாட்ட வேண்டியதாயிற்று. மூன்று முறையும் பயனரின் பக்கம் எந்தத் தவறும் இல்லை. தீர்ப்பு சொல்லும் இடம் எங்கோ இருக்கிறது, அங்கே பிழை நேர்ந்தால் இங்கே வேலை நிற்கிறது. நான் குறை சொல்வது இந்த அமைப்பைத்தான்.

நம் ஊரில் அதிகம் அடிபடுவது ஓஇஎம் உரிமம். கணினியோடு சேர்ந்து வரும் இந்த உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டது. சாவி, போர்டின் ஃபர்ம்வேரில் (உள்நிரலில்) எம்எஸ்டிஎம் என்ற அட்டவணைக்குள் பதிந்திருக்கும். வாரண்டி முடிந்து லோக்கல் கடையில் வேறு போர்டு போட்டால், சி004எஃப்211 என்று முடியும் பிழை எண் வரும்: வன்பொருள் மாறிவிட்டது என்று அர்த்தம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை முன்கூட்டியே இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் ட்ரபுள்ஷூட்டரில் 'சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன்' என்பதைச் சொடுக்கிப் பார்க்கலாம். ஓஇஎம் உரிமத்துக்கு அதுவும் பெரும்பாலும் கைகொடுக்காது; அந்த உரிமம் பழைய போர்டோடு போனதாகவே கணக்கு.

சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் சாவிகளை நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பல கணினிகளுக்கு ஒன்றாக நிறுவனங்களுக்குக் கொடுத்த வால்யூம் சாவிகள். முதல் நாள் ஏற்கும். பிறகு சி004சி003 என்று முடியும் எண் வந்தால் சாவி முடக்கப்பட்டது. சி004சி008 வந்தால் அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிப் பலர் பயன்படுத்திவிட்டார்கள். கிராக் இதைவிட மோசம். கேஎம்எஸ் முறையில் அலுவலக சர்வர் ஒரு கணினிக்கு 180 நாள் அனுமதி தரும். கிராக் நிரல் கணினிக்குள்ளேயே பொய்யாக ஒரு கேஎம்எஸ் சர்வரை உருவாக்கி அந்த அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதைப் போட விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்க வேண்டும், அட்மின் அனுமதி தர வேண்டும், பெரும்பாலும் அப்டேட்டையும் நிறுத்திவைப்பார்கள். மால்வேர் நுழைய வேறு என்ன வேண்டும்? 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை மால்வேர் பரவியபோது அதைத் தடுக்கும் அப்டேட் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்டேட்டை மூடி வைத்திருந்த கணினிகள் பலியாயின.

மாற இப்போது இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசஸரும் பல அலுவலகங்களில் இல்லை. 6ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கணினியில் மின்ட்டின் முதன்மைப் பதிப்பான சின்னமன் தாராளமாக ஓடுகிறது. 4 ஜிபிதான் என்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மட்டும் திணறும். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் ரேமைக் கூட்டுவதற்கு முன் எஸ்எஸ்டி வாங்குவதே நல்லது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

நிறுவுவது எளிது. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகளைத் தவறவிட்டால் தலைவலி. ஒன்று, டிஸ்கைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லாக்கர். விண்டோஸ் 11இல், ஹோம் பதிப்பாக இருந்தாலும், டிஸ்க் என்கிரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். பயாஸில் (கணினி துவங்கும்போது வரும் அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற அமைப்பைத் தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது என்கிரிப்ஷனையே அணையுங்கள். இரண்டு, பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. மூன்று, லைவ் திரையில் (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டுவது) எஸ்எஸ்டியே தென்படவில்லை என்றால், பெரும்பாலும் பயாஸில் டிஸ்க் முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருக்கிறது என்று பொருள். அதை ஏஹெச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் முதலில் அதை சேஃப் மோடில் துவங்கும்படி அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றுங்கள். நேரடியாக மாற்றினால் நீலத்திரைதான்.

8 ஜிபி பென் டிரைவ் போதும். ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கியதும், அது முழுதாக வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு, நிறுவலின் நடுவில் புரியாத பிழையாக வந்து நிற்கும். ரூஃபஸ் நிரலால் பென் டிரைவில் எழுதி லைவாகத் துவங்கியவுடன் நிறுவிவிடாதீர்கள். வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டர் என்று நான்கையும் அங்கேயே பாருங்கள். பிராட்காம், சில ரியல்டெக் வைஃபை சில்லுகளுக்குத் தனி டிரைவர் வேண்டும். அதை இறக்க இணையமும் வேண்டும். ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் கடிகாரம் சரியாக 5:30 மணி நேரம் பின்னால் போகும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். இந்திய நேர வித்தியாசம் அப்படியே தெரியும். நேரம் தவறினால் சான்றிதழ்ப் பிழை சொல்லித் தளங்கள் திறக்காது, அந்தக் கணினியிலேயே ஆத்தென்டிகேட்டர் உருவாக்கும் ஒருமுறை எண்களும் ஏற்காது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது ஒரே ஒரு டைம்டேட்சிடிஎல் கட்டளை.

இனி பிரின்டர். மாறியவர்கள் திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கடைகளில் எங்கும் இருக்கும் கேனான் எல்பிபி 2900, கேப்ட் என்ற தனி மொழியில் பேசும். கேனான் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் லைப்ரரிகளைக் கேட்கும். அதன் பின்னணிச் சேவை, கணினி தூங்கி எழுந்ததும் செத்துக் கிடக்கும். மறுபடி துவக்கினால்தான் பிரின்ட் வரும். நாள் முழுக்க ஜெராக்ஸும் பிரின்டும் ஓடும் கடைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹெச்பி லேசர்ஜெட் 1020 வேறு ரகம். அதற்குள் ஃபர்ம்வேர் நிரந்தரமாக இல்லை, ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். ஹெச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான ஹெச்ப்லிப்பும் அதன் தனியுரிமை பிளக்இன்னும் சேர்ந்து அதைச் செய்கின்றன, இரண்டும் ஒரே பதிப்பு எண்ணில் இருக்க வேண்டும். அப்டேட்டில் ஹெச்ப்லிப் மட்டும் முன்னேறிவிட்டால் மறுநாள் காலை பிரின்டர் மௌனமாக இருக்கும். கியூவில் வேலை தெரியும், தாள் நகராது. ஹெச்பி-பிளக்இன் கட்டளையை மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். காரணம் தெரியாதவர் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார். எப்சன் எல் வரிசை இங்க் டேங்குகள் எஸ்க்பிஆர் டிரைவரில் சிக்கலின்றி வேலை செய்கின்றன. புதிதாக வாங்குவதாக இருந்தால் ஏர்பிரின்ட் ஆதரவு உண்டா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் டிரைவரே தேவையில்லை.

தமிழ் தட்டச்சில் ஒரு பொறி இருக்கிறது. கீபோர்டு அமைப்பில் நேரடியாகத் 'தமிழ்99' என்று தெரிவதைச் சேர்த்தால் எழுத்துகள் வரும், ஆனால் மெய்யெழுத்துக்குத் தானாகப் புள்ளி விழாது. அது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற அளவில் மட்டும் வேலை செய்வது. முந்தைய எழுத்தைப் பார்த்து முடிவெடுக்க அதற்குத் தெரியாது. ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, அதில் உள்ள தமிழ்99ஐச் சேருங்கள். அம்மா என்று அடிக்க நடு எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ஃபொனட்டிக்கும் பழைய தட்டச்சு முறையும் அதே பொதியிலேயே உண்டு. நிறுவியதும் ஒருமுறை லாக்அவுட் செய்து வர வேண்டும்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் எழுத்துரு கோப்பை இரட்டைச் சொடுக்கில் நிறுவினாலே எம்எஸ் ஆபிஸுக்கு மாற்றான லிப்ரேஆபிஸில் தெரியும். என்றாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது. வாய்ப்புள்ளபோது யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. யூனிகோடு கோப்புகளில் வேறு சிக்கல்: வேர்டில் லதா எழுத்துருவில் செய்த நான்கு பக்கக் கடிதம் இங்கே ஐந்தாகும். லதா விண்டோஸோடு வருவது, லினக்ஸில் இல்லை; நோட்டோ சான்ஸ் தமிழோ லோஹித் தமிழோ அந்த இடத்தில் வரும்போது அகலமும் வரி இடைவெளியும் மாறுகின்றன. ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. கலிப்ரிக்குக் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று அதே அகலத்தில் மாற்று உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று தயாராக இல்லை. வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். லிப்ரேஆபிஸ் மொழி அமைப்பில் 'சிக்கலான எழுத்தமைப்பு' என்பதை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுப்பதும் அவசியம். அது இல்லாமல் ஸ்டைலில் எழுத்தளவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் பெரிதாகும், தமிழ் அசையாது.

பேஜ்மேக்கரில் செய்யும் பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் 1.6 போதுமானது. 1.4இல் தமிழ்க் கொம்புகள் இடம் மாறி விழும், அந்தப் பழைய பதிப்பைத் தொடாதீர்கள். கோரல் டிரா கோப்புகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரல் திறக்கும், நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அல்ல. கோரலில் வரும் பிளெக்ஸ் பேனர்களை அன்றாடம் திருத்திக் கொடுக்கும் தொழிலுக்கு மாற்றம் இப்போதைக்கு வேண்டாம்.

மாறிய பிறகு வரும் பழுதுகளில் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் லாகின் திரையே மறுபடி மறுபடி வந்தால், பெரும்பாலும் டிஸ்க் நிரம்பியிருக்கும். மின்ட்டின் காப்பு நிரலான டைம்ஷிஃப்ட் எடுத்துக் குவித்த ஸ்னாப்ஷாட்டுகளே (கணினியின் அன்றைய நிலையின் நகல்கள்) வழக்கமான காரணம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் உள்நுழையலாம். அங்கிருந்து டைம்ஷிஃப்ட்டின் பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்குங்கள். வாரத்துக்கு ஒன்று எடு, கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொள் என்று முதலிலேயே அமைத்துவிட்டால் இது வராது. அடுத்தது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அப்டேட்டுக்குப் பின் வைஃபை காணாமல் போவது. துவங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டி கிரப் என்ற துவக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய வேலை நடக்கும். டிரைவரை நிதானமாகப் பிறகு பார்க்கலாம்.

உரிமத்தின் தொல்லை இங்கே எவ்வளவு இல்லை என்பது போர்டு எரிந்துபோகும் நாளில்தான் முழுதாகத் தெரியும். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் மின்ட் துவங்கிவிடும். டிரைவுகளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான யூயூஐடி எண்ணால் அடையாளம் காண்பதால் சாட்டா துறை மாறினாலும் கவலையில்லை. யூஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) துவக்கப் பட்டியலில் மின்ட்டின் பெயர் வராவிட்டால் லைவ் பென் டிரைவில் உள்ள பூட் ரிப்பேர் அதைச் சேர்த்துவிடும். என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையின் டிரைவர் போட்டிருந்து புதிய கணினியில் அந்த அட்டை இல்லையென்றால் மட்டும் டிரைவரை நீக்க வேண்டும். யாரும் எதையும் நிரூபிக்கக் கேட்பதில்லை.

கணக்கு மென்பொருளான டேலிபிரைம் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைனில் சில பதிப்புகள் ஓடினாலும் கணக்கு வழக்கை அதில் வைக்க வேண்டாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் கையொப்பமிடும் தளமும் அதை ஏற்க வேண்டும். ஆதார் கைரேகைக் கருவியை நம்பி நடக்கும் கவுன்ட்டர்களிலும் கருவியின் சேவை நிரல் லினக்ஸுக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஐந்து கணினி உள்ள அலுவலகத்தில் இந்த வேலைகளுக்கென்று ஒன்றை மட்டும் முறையான உரிமத்தோடு விண்டோஸில் விட்டு, மற்ற நான்கை மாற்றுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த ஒன்றுக்கு ஓஇஎம் உரிமத்தைவிட வேறு கணினிக்கு மாற்ற அனுமதிக்கும் ரீடெயில் உரிமம் வாங்குங்கள், பில்லையும் சாவியையும் பத்திரப்படுத்துங்கள், உரிமத்தை அலுவலகத்தின் பெயரில் உள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணையுங்கள். வேலையை விட்டுப் போகக்கூடிய ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் இணைக்க வேண்டாம்.