சாண எரிவாயுக் கலனும் மரச்சீனித் தொலியும்: எட்டு ஆண்டு அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்திலுள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில், நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரக்கூடிய தீனபந்து வகைக் கலனை 2016-ஆம் ஆண்டு கட்டினோம். மழையும் ஈரக்காற்றும் மிகுந்த நம் மாவட்டத்தில் இரும்பு மூடி மிதக்கும் வகை எளிதில் துருப்பிடிக்கும் என்பதால், தரைக்குள் செங்கல்லால் கவிகை எழுப்பும் இவ்வகையைத் தேர்ந்தெடுத்தோம்.

முழு அளவில் வாயு கிடைக்க நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோ பச்சைச் சாணமும் அதே அளவு தண்ணீரும் தேவை. எங்கள் இரண்டு மாடுகளின் சாணம் 25 கிலோவைத் தாண்டுவதில்லை. மக்கும் எதையும் போட்டு ஈடுசெய்யலாம் என்று கட்டித்தந்தவர் சொன்னதை அப்படியே நம்பினேன். அது பாதி உண்மைதான்.

இரண்டாம் ஆண்டு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கிய வாரத்தில், தொலியையும் சூம்பிய கிழங்குகளையும் கூடைகூடையாகக் கொட்டினேன். நான்காம் நாள் வாயு வந்தது, ஆனால் எரியவில்லை. தீக்குச்சியைக் காட்டினால் சுடர் ஒருமுறை எழும்பி அணைந்தது, வெளித்தொட்டியில் புளித்த கள்ளின் வாடை வீசியது. மாவுச்சத்தை அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுபவை. அந்த அமிலத்தை மீத்தேனாக்குபவையோ மெதுவாக வளர்பவை. அமிலம் தேங்கினால் பின்னவை முடங்கி, எரியாத கரியமில வாயுவே மிகுந்து வரும். தொலியிலுள்ள சயனைடும் அவற்றுக்கு ஆகாது. ஒரு வாரம் எதையும் போடாமல், பக்கத்துத் தோட்டத்துக் கலனின் கழிவுக் கரைசலைப் பத்து வாளி கொண்டுவந்து ஊற்றி, சிறிது சுண்ணாம்பு நீரும் சேர்த்த பிறகு, நீலச் சுடரைக் காண மூன்று வாரங்கள் ஆயின.

இப்போது தொலியைக் கொத்தி, ஊறவைத்து, இரண்டு வாளி சாணத்துக்கு அரை வாளிக்கு மேல் சேர்ப்பதில்லை. வாழைத்தடியை அறவே தவிர்க்கிறேன். அதன் நார் மிதந்து, பாலாடைபோலப் படர்ந்து வாயுவைத் தடுக்கும்.

சமையல் எரிவாயு அடுப்பின் துளை இதற்குச் சிறியது. தனி அடுப்பு வாங்கத்தான் வேண்டும். சுடர் துடித்தால் குழாயில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். அதை வடிக்கும் திருகை எட்டாத இடத்தில் பொருத்திவிட்டதால் இன்றும் ஏணி தேவைப்படுகிறது.

காலையும் மாலையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஓர் அடுப்பு எரிகிறது. கரைசல் முழுவதும் நேந்திரன் வாழைக்குப் போகிறது. சம்பா அரிசி வேக நெடுநேரம் பிடிக்கும் என்பதால், அம்மா அதை மட்டும் இன்னும் விறகடுப்பில்தான் வைக்கிறார்.