பவளத் தொட்டிக்கு முதலில் வாங்க வேண்டிய நீர்ச் சோதனைக் கருவிகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்தில் சிறிய பவளத் தொட்டி (உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர், பல சோதனைகள் அடங்கிய தொகுப்புப் பெட்டியைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தை உப்புத்தன்மையையும் ஆல்கலினிட்டியையும் (அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறன்) நம்பகமாக அளக்கும் கருவிகளுக்கே முதலில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்குள்ள வெப்பத்தைச் சமாளிக்க, குளிரூட்டி வாங்காதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியை ஓடவிடுகிறார்கள். நீர் வேகமாக ஆவியாக, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் உப்புத்தன்மை நாள்தோறும் ஏறும். கடல்நீருக்குரிய அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு. ஒப்படர்த்தியில் (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சொன்னால் ஏறத்தாழ 1.026. முள் அசையும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலே அளவு மாறிவிடும் என்பதால், ஒளிவிலகலைக் கொண்டு உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையே பரிந்துரைக்கிறேன். ஆனால் மலிவான ரிஃப்ராக்டோமீட்டர்கள் பலவற்றின் அளவுகோல் சாதாரண உப்புக் கரைசலுக்காக வரையப்பட்டது. தூய நீரைக் கொண்டு சுழியில் சரிசெய்தால் கடல்நீரில் ஆயிரத்துக்கு ஒரு பங்குக்கு மேல் பிழை வரக்கூடும். எனவே 35 என்று குறிக்கப்பட்ட கடல்நீர்த் தரக்கரைசலால் சரிசெய்வதே முறை. அந்தச் சிறு புட்டியைக் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஆல்கலினிட்டிக்கு நான் ஏன் இவ்வளவு முதன்மை தருகிறேன் என்றால், பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டும்போது முதலில் தடுமாறுவது அதுதான். கால்சியம் 20 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 20 பங்கு) செலவாகும்போது ஆல்கலினிட்டி 2.8 டி.கே.எச். (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) குறைகிறது. கால்சியம் 420இலிருந்து 400க்கு இறங்குவதைப் பவளம் பொருட்படுத்தாது. அதே நேரத்தில் ஆல்கலினிட்டி 8.4இலிருந்து 5.6க்கு விழுந்திருந்தால், அது கடுமையான சரிவு. ஆகவே வாரத்தில் பலமுறை அளக்க வேண்டியது இதையே.

இதற்குச் சாலிஃபெர்ட் சொட்டுச் சோதனையையும் ஹான்னா நிறுவனத்தின் எச்.ஐ.772 செக்கர் என்னும் மின்னணுக் கருவியையும் இணையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். முன்னதில் பச்சை கலந்த நீலம் இளஞ்சிவப்பாக மாறும் தருணத்தை ஊசிக்குழலில் படித்துக்கொள்ளலாம். மின்கலம் தேவையில்லை, செலவும் குறைவு. பின்னது எண்ணாகவே காட்டுவதால், நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படுவோருக்குப் பெரிய உதவி. ஆனால் அதன் துல்லிய வரம்பு 0.3 டி.கே.எச்.சும் அளவில் ஐந்து விழுக்காடும் சேர்ந்தது என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். அதாவது 8.0 என்பது 7.3 ஆகவும் இருக்கலாம், 8.7 ஆகவும் இருக்கலாம். நேற்று 8.0, இன்று 8.3 என்று கண்டவுடன், ஆல்கலினிட்டியை ஈடுசெய்யச் சேர்க்கும் கரைசலின் அளவை மாற்றுவது வீண். ஒரே கருவியை, ஒரே நேரத்தில், ஒரே முறையில் பயன்படுத்திப் பல நாள்களின் போக்கைப் பார்ப்பவருக்குத்தான் அது உண்மையைச் சொல்லும். குப்பியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். விரல்ரேகை கூட அளவைக் கெடுக்கும்.

அம்மோனியா சோதனை, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் பெருகித் தொட்டி முதிரும் தொடக்கக் காலத்தில் மட்டுமே அவசியம், மலிவானது போதும். நைட்ரேட்டுக்கும் மலிவான சோதனையே போதும். பாஸ்பேட் வேறு கதை: 0.03க்கும் 0.1 பி.பி.எம்.முக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை நிற அட்டையில் கண்ணால் பிரிப்பது கடினம். கல்லுப் பவளங்களை (கெட்டியான சுண்ணாம்புக் கூடு கட்டுபவை) வளர்க்க முடிவுசெய்த பிறகு, எச்.ஐ.736 போன்ற மின்னணுக் கருவியை வாங்குவது தகும். அது பாஸ்பரஸைப் பி.பி.பி. (பி.பி.எம்.மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலகில் காட்டும், 3.066ஆல் பெருக்கினால் அதே அலகில் பாஸ்பேட் கிடைக்கும். மெக்னீசியத்தை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பலர் விட்டுவிடும் இன்னொன்று, தொட்டிக்குள் போவதற்கு முந்தைய நீர். பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்நீரில் குளோரமைன் என்னும் கிருமிநாசினியைச் சேர்க்கிறது. வடிகட்டிய நீரில் டி.டி.எஸ். மீட்டர் (கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவைக் காட்டுவது) சுழி காட்டினாலும் குளோரமைன் நீங்கிவிட்டது என்று பொருளாகாது. குளோரமைனை நீக்கும் கரி வடிகட்டி தேய்ந்துவிட்டதா என்பதை அறிய, மொத்தக் குளோரின் சோதனைத் தாள் தனியாக வேண்டும்.

சோதனைத் திரவங்கள் ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் காலப்போக்கில் கெடுவதால், புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கிறேன். புதிய புட்டியைத் திறக்கும் நாளில் பழையதையும் புதியதையும் ஒரே நீரில் சோதித்து ஒப்பிட்டுக்கொண்டால், அடுத்த அளவில் தெரியும் மாற்றம் தொட்டியினுடையதா, திரவத்தினுடையதா என்ற ஐயம் எழாது.