பாலையூற்று ஒழுங்கை மில்: கறித்தூளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், குரக்கனுக்கு நேரம் பார்த்துப் போங்கள்

திருகோணமலையில் கண்டி வீதியிலிருந்து பாலையூற்றுப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது இந்த மில். பெயர்ப்பலகை இல்லை. தகரக் கதவில் வெள்ளைப் பெயின்ரால் 'மா, தூள் அரைக்கப்படும்' என்று எழுதியிருக்கும். அதிலும் 'தூள்' பாதி அழிந்துபோய்விட்டது. ஆனாலும் தேடி அலைய வேண்டியதில்லை. வறுத்த மல்லி வாசம் ஒழுங்கை முகப்புக்கே வந்துவிடும். மிளகாய் ஓடுகிற நேரமென்றால் தும்மலும் சேர்ந்து வரும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறித்தூளுக்குத் திருமலையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அரிசிமாவுக்கும் குறையில்லை. குரக்கனுக்கு (கேழ்வரகுக்கு) மட்டும், கதவு திறக்கும்போதே நிற்க முடிந்தால் போங்கள். பின்நேரம் வேண்டாம்.

எங்கள் வீட்டில் சமையல் என் பங்கு. மனைவிக்குக் கந்தளாயில் வேலை, விடிய பஸ் ஏற வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில்தான். அதனால் காலைச் சாப்பாடும் மத்தியானக் கட்டுச்சோறும் என் கையில். தூளும் மாவும் வீட்டில் ஒழுங்காக இருந்தால் மிச்சச் சமையல் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அவை சரியில்லையென்றால் எந்தக் கறியும் சரிவராது. ஒரு மில்லைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

கறித்தூளுக்கு வருகிறேன். செத்தல் மிளகாய் ஒரு கிலோ என்றால் மல்லி ஒன்றேகால் கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், மிளகும் நற்சீரகமும் நூறு நூறு, வெந்தயமும் மஞ்சள் கட்டையும் ஐம்பது ஐம்பது, கறிவேப்பிலை இரண்டு கை. இது அம்மாவின் அளவு. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்; அவர்களுக்கு மிளகாய் தூக்கலாக நிற்க வேண்டும். எங்களுக்குக் குழம்பு தடிக்க மல்லி கூட வேண்டும். எல்லாவற்றையும் தனித்தனியாக, மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். வெந்தயத்தைக் கடைசியாகப் போட்டு உடனே இறக்க வேண்டும். கருகினால் முழுத் தூளும் கைக்கும். மஞ்சள் கட்டையை உரலில் உடைத்துக்கொண்டு போங்கள். முழுக் கட்டையைக் கண்டால் மில்கார ஐயா வாங்கமாட்டார். "மெசினுக்குப் பல்லுப் போயிடும், சேர்" என்பார்.

அவர் திருப்பி அனுப்புவது மஞ்சளை மட்டுமல்ல. மிளகாயொன்றை எடுத்துக் காதுக்குக் கிட்டே வைத்து உடைத்துப் பார்ப்பார். சத்தம் வரவேண்டும். வளைந்தால், "இது இன்னும் ஒரு வெயில் கேக்குது" என்று பையைத் திரும்பத் தந்துவிடுவார். வந்த கூலியை விடுகிறாரே என்று நினைக்கலாம். ஈரமிளகாய் வலையில் அப்பிக்கொண்டு மெசின் சூடேறும், அவருக்கு அது நட்டம். நமக்கும் நல்லதுதான். ஈரத்தோடு அரைத்த தூள் போத்தலுக்குள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுப்பது. குழம்பை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. கறுத்த, வெளிறிய மிளகாயைச் சுளகில் கொட்டி நானே பொறுக்கி எறிவது அதனால்தான். பக்கெட் தூளில் அந்தப் பொறுக்கலைச் செய்தது யார், செய்தார்களா என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

இங்கே தூளை இரண்டு தரம் விடுவார்கள். முதலில் பெரிய வலை, பிறகு சின்ன வலை. வேறு மில்களில் ஒரே ஓட்டத்தில் முடித்துச் சூட்டோடு பையில் கொட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஐயா அகலமான தட்டமொன்றில் பரப்பி, கையால் கிளறிவிட்டுத்தான் தருவார். அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்ததும் ரின்னின் மூடியைத் திறந்து, துணி மூடி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் வேர்த்துத் திரும்பத் தூளுக்குள்ளேயே விழும்.

வலையில் நிற்கிற கப்பியைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அது அவருடைய வாளிக்குள் போய்விடும். எனக்கு இந்த மில்லில் உள்ள முதல் மனக்குறை இது. அந்தக் கப்பியில் மல்லித்தோலும் மிளகாய் விதையும்தான் இருக்கும். பொரிக்கிற மீனுக்கு உப்போடு சேர்த்துப் பிரட்டலாம், ரசத்துக்குள் போடலாம்.

நிறை குறைகிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள். உண்மைதான், கொண்டுபோன நிறைக்கு வராது. வறுத்தபின் வீட்டிலேயே ஒருதரம் நிறுத்துப் பாருங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்: வறுக்கும்போது ஈரம் போய்விடுகிறது. மிச்சம் மெசினுக்குள்ளும் காற்றிலும் சட்டையிலும் போகிறது. கூலியை அவர் எடுப்பது நாம் கொண்டுபோகிற நிறைக்கு. ஒரு கிலோ தூள் அரைக்கிற கூலி, கடையில் ஒரு பிளேன்ரீயும் வடையும் குடித்துச் சாப்பிடுகிற காசுக்குக் கிட்ட வரும்.

பணம் மிச்சமா என்று கேட்டால், மிச்சம்தான், ஆனால் எல்லா மாதமும் ஒரேமாதிரி இல்லை. நமக்கு வரும் செத்தல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. ரூபாய் விழுந்தால் மிளகாய் ஏறும். 2022 இல் அதை எல்லாரும் பார்த்தோம். விலை ஏறிய மாதங்களில் பக்கெட்டுக்கும் நம் தூளுக்கும் பெரிய வித்தியாசம் இராது. மத்திய வீதியில் மொத்தமாக விற்கிற கடைகளில் விலை இறங்கும்போது வாங்கி, வெயிலில் காயவிட்டு வைத்திருந்தால்தான் கையில் ஏதாவது மிஞ்சும். அப்படி மிஞ்சாத மாதத்திலும் நான் மில்லுக்குத்தான் போவேன். சூடைமீனைப் புளிவிட்டு இந்தத் தூளில் வைத்தால் எண்ணெய் ஒரு கரண்டி போதும், தேங்காய்ப்பாலும் தேவையில்லை, மல்லியே குழம்பைத் தடிக்கவைக்கும்.

அரிசிமா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தம்பலகாமத்துச் சிவப்புப் பச்சையரிசியை மூன்று நாலு மணித்தியாலம் ஊறவிட்டு, வடித்து, சுளகில் கொஞ்சம் உலர்த்திக்கொண்டு போனால் அரைத்துத் தருவார்கள். வீட்டில் வந்து வறுத்து அரிதட்டில் அரித்துவிட்டால் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஆயிற்று. ஊறிய அரிசி அன்றைக்கே அரைபட வேண்டும், இல்லையென்றால் புளிக்கும். கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊறவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது இங்கே வரிசையில் நின்ற பலர் ஈர அரிசியோடு திரும்பினார்கள். ஜமாலியாப் பக்கமிருந்து வரும் ராத்தா ஒருவர் மட்டும் கவலைப்படவில்லை. "வீட்டில உம்மாட உரல் கிடக்கு, தம்பி" என்று சிரித்துக்கொண்டு போனார்.

இனிக் குரக்கன். சீனன்குடாப் பக்கம் போகிறவர்களுக்குப் பிறீமா ஆலை தெரியும். உலகத்திலேயே பெரிய கோதுமை மா ஆலைகளில் ஒன்று. 1977 இல் அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் வந்தது. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை, முழுவதும் கப்பலில் வருகிறது. அப்படி வருகிற கோதுமை நம் துறைமுகத்திலேயே மாவாகிறது, நாம் காலையில் பாணும் இரவில் ரொட்டியும் சாப்பிடுகிறோம். நான் கோதுமைக்கு எதிரியில்லை, ஞாயிற்றுக்கிழமை பராட்டா எனக்கும் வேண்டும். ஆனால் மானாவாரிச் சேனையில் கொஞ்சத் தண்ணீரில் விளைகிற குரக்கனை, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கல்சியம் உள்ள தானியத்தை, வருத்தக்காரரின் சாப்பாடு என்று ஒதுக்கிவைத்திருப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

இந்த மில்லில் இரண்டு மெசின்தான். ஒன்று தூளுக்கு, மற்றது மாவுக்கு. மா மெசினில் அரிசியும் உழுந்தும் ஓடுவது சரி. வறுத்த கோப்பிக்கொட்டையும் அதில்தான் ஓடுகிறது. பின்நேரம் குரக்கன் கொண்டுபோனால் மாவில் கோப்பி வாசம் வருவதற்கு அதுதான் காரணம். பால்விட்டுக் குரக்கன் கூழ் காய்ச்சினால் அந்த வாசத்தை எதனாலும் மறைக்க முடியாது. ஐயாவிடம் சொன்னால், "தட்டினனான் சேர், அதுக்கு மேல என்ன செய்ய" என்பார். உண்மையில் தட்டினால் போகாது. மலிவான பச்சையரிசி ஒரு பிடி கையோடு கொண்டுபோய், அதை முதலில் ஓடவிடச் சொல்லுங்கள். உள்ளே ஒட்டியிருப்பதை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த மாவை அவர் தன் கோழிகளுக்கு எடுத்துக்கொள்வார், மறுக்கமாட்டார். அதைவிடச் சுகமான வழி, காலையில் முதல் ஆளாக நிற்பது.

குரக்கனில் மண் இருக்கும். அரிக்கன்சட்டியில் நாலைந்து தண்ணீரில் அரித்து, நன்றாக வெயில் காட்டிக்கொண்டு போக வேண்டும். அரைக்கும்போது பட்டுப்போல வேண்டாம், கொஞ்சம் குறுணலாக விடுங்கள் என்று கேளுங்கள். மிகவும் நைஸாக அரைத்த மா வேகமாகச் சமிக்கும், இரத்தத்தில் சீனியும் வேகமாக ஏறும். குரக்கன்தானே என்று சீனி வருத்தக்காரர் நாலு ரொட்டி சாப்பிடுவதும் சரியில்லை, அதுவும் மாச்சத்துத்தான். இரண்டு ரொட்டியும் ஒரு கிண்ணம் முருங்கையிலை வறையும் என்றால் கணக்குச் சரி.

கோதுமையைப்போலக் குரக்கன் மா இழுபடாது, கையில் எடுத்தால் பிய்ந்துவிடும். இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு போட்டுக் கொதிநீர்விட்டுக் குழையுங்கள். வாழையிலைத் துண்டில் வைத்துத் தட்டி, இலையோடேயே சூடான கல்லில் கவிழ்த்துவிடுங்கள். இலை வாடியதும் தானாகக் கழன்றுவிடும். என் மனைவி பஸ்ஸுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இதுதான், மத்தியானம்வரை காய்ந்துபோகாது.

பை விடயம். கேட்காமலே சொப்பிங் பேக் ஒன்றை விரித்துப் பிடிப்பார்கள். 2017 செப்டம்பர் 1 ஆம் திகதியோடு லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடை என்று சட்டம் வந்தது. மெல்லிய பொலித்தீனும் அதற்குள் வரும். இந்த ஒழுங்கைக்கு அந்தச் சேதி அரைவாசிதான் வந்திருக்கிறது. ஆனால் ரின் கொண்டுபோனால் முகம் சுளிக்கமாட்டார்கள். நிறை முதலே பார்த்துவிடுவதால் ரின்னின் பாரம் ஒரு பிரச்சினையில்லை. தூளுக்கு நான் கொண்டுபோவது பழைய பிஸ்கட் ரின், மாவுக்குப் பழைய தலையணை உறையை வெட்டித் தைத்த பை. துணிப்பையில் மா சீக்கிரம் ஆறும், வேர்க்காது. அந்தப் பையைக் கண்டுவிட்டு வரிசையில் நின்ற அக்கா ஒருவர் எங்கே வாங்கினது என்று கேட்டார். இப்போது அவருடையது என்னுடையதைவிட வடிவு, வாயில் நாடா கோத்துத் தைத்திருக்கிறார்.

குறைகள் வேறும் உண்டு. இருக்க ஒரு வாங்குகூட இல்லை, மாமரத்துக்குக் கீழே நிற்க வேண்டியதுதான். பில் தரமாட்டார்கள். அரைக் கிலோவுக்குக் குறைந்தால் அரைக்கமாட்டார்கள், தனி ஆளாகச் சமைக்கிறவர்கள் பக்கத்து வீட்டோடு சேர்ந்து போவது நல்லது. இழுப்பு உள்ளவர்கள் உள்ளே போகவே வேண்டாம், பையைக் கொடுத்துவிட்டு வெளியில் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை பூசை முடித்துத்தான் திறப்பார்கள், ஞாயிறு பூட்டு. பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் முந்திய கிழமை, நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிழமை, இந்த மூன்றிலும் வரிசை ஒழுங்கை முகப்புவரை நிற்கும். வருடத்துத் தூளை ஆவணி புரட்டாசிக்குள் அரைத்து வைத்துவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் தைவரை மிளகாய் காயாது, ஐயாவும் வாங்கமாட்டார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் மா மெசினின் பெல்ற். மோட்டரிலிருந்து மெசின்வரை திறந்தபடி ஓடுகிறது. சேலைத்தலைப்போடும் சின்னப்பிள்ளைகளோடும் ஆட்கள் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். ஒரு கம்பிவலைக் கூடு அடிக்க ஒட்டுக்காரருக்கு அரைநாள் வேலை. நான் இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டேன், "செய்வம் சேர்" என்கிறார். போகிறவர்கள் நீங்களும் சொல்லுங்கள், நாலு பேர் கேட்டால் செய்வார்.