செசபீக் வளைகுடாவும் மூன்று மாடல்களும்: எந்தப் பிழையோடு வாழலாம்?

கழிமுகத்தின் நீரோட்டத்தைக் கணக்கிடும் மாடலைக் கணினியில் உருவாக்கும்போது நீரின் ஆழத்தை எப்படி அடுக்குகளாகப் பிரிப்பது என்பதில்தான் முதல் சிக்கல் வரும். மூன்று வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகப் புரியும்.

அந்த வளைகுடா ஏறத்தாழ 300 கி.மீ. நீளம். சராசரி ஆழம் சுமார் 6.5 மீட்டர்தான். ஆனால் கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் சஸ்குவெஹானா ஆறு அறுத்த பள்ளம் நடுவே ஓடுகிறது. சில இடங்களில் அது 50 மீட்டரைத் தாண்டும். ஆற்றின் நன்னீர் மேலாகக் கடலை நோக்கிப் போக, அட்லாண்டிக்கின் உப்புநீர் அந்தப் பள்ளம் வழியாக அடியில் உள்ளே ஏறுகிறது. கோடையில் அந்த அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் மீனும் நண்டும் தவிக்கின்றன. உப்பு ஏறும் தூரத்தை மாடல் தவறவிட்டால் ஆக்சிஜன் கணக்கும் தவறும். வளைகுடாவில் கலக்கும் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் 2010இல் அரசு விதித்த உச்சவரம்பு இப்படிப்பட்ட மாடல் கணக்கை நம்பித்தான் வகுக்கப்பட்டது. அதனால் இது வெறும் கணித விவகாரம் இல்லை.

முதல் வழி, கிடைமட்ட அடுக்குகள். செசபீக்கில் பல காலம் ஓடிய சிஎச்3டி மாடல் இந்த வகை; மேலடுக்கு நீங்கலாக ஒவ்வோர் அடுக்கும் சுமார் 1.52 மீட்டர், அதாவது ஐந்து அடி. அடுக்குகள் மட்டமாக இருப்பதால் அழுத்தக் கணக்கு சுத்தமாக வரும். ஆனால் அடித்தளம் படிக்கட்டாகிவிடும். சரிவில் வழுக்கி இறங்க வேண்டிய உப்புநீர் ஒவ்வொரு படியிலும் விழுந்து, சுற்றியுள்ள நீரோடு கலந்து நீர்த்துப்போகும். 6 மீட்டர் ஆழத்துக்கு நாலே அடுக்குகள்தான் கிடைக்கும் என்பது இன்னொரு குறை.

இரண்டாவது, சிக்மா அடுக்குகள். 1957இல் நார்மன் பிலிப்ஸ் வானிலைக் கணக்குக்காகக் கொண்டுவந்த முறை. பிளம்பெர்க், மெல்லர் இருவரின் பிரின்ஸ்டன் மாடல் வழியாகக் கடலோர ஆய்வுகளில் பரவியது. ஆழம் 2 மீட்டரோ 50 மீட்டரோ, அடுக்கு எண்ணிக்கை ஒன்றுதான். தரையின் வளைவை ஒட்டியே அடுக்குகளும் வளையும். ஆழமில்லாத இடங்களுக்கு அருமையான முறை. சிக்கல் பள்ளத்தின் செங்குத்தான ஓரங்களில் வருகிறது. அங்கே அடுக்குகள் சாய்வதால், அழுத்த வேறுபாடு என்பது இரண்டு பெரிய எண்களைக் கழித்தால் மிஞ்சும் சிறிய எண்ணாகிவிடுகிறது. அந்தக் கழித்தலில் நேரும் சிறு பிழையே நீரோட்டமாக மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கீழே உப்பு, மேலே நன்னீர் என்று நீரை அசையாமல் நிறுத்தி, காற்றும் ஓதமும் ஆறும் இல்லாமல் மாடலை ஓட்டுங்கள். அப்போது தெரியும் ஓட்டம் அத்தனையும் பொய். யாராவது சிக்மா மாடலைக் காட்டினால் இந்தச் சோதனையின் முடிவைத்தான் நான் முதலில் கேட்பேன்.

பொய் ஓட்டத்தை அடக்கப் பலரும் செய்வது, மாடலில் அடித்தளத்தின் செங்குத்துச் சரிவுகளைச் சமன்செய்து மழுப்புவது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மழுப்பினால் பள்ளம் தூர்கிறது, உப்பு ஏறும் பாதையே குறுகிவிடுகிறது. இப்படி மழுப்பினால் செசபீக்கின் உப்புக் கணக்கு எவ்வளவு கெடும் என்பதை வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அப்புறம் உப்பு குறைகிறதே என்று கலப்புக் குணகத்தை (நீர் எவ்வளவு வேகமாகக் கலக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணை) திருகுவார்கள். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள, அந்த வருடத்து அளவீடு பொருந்திவிடும். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருடத்தில் குட்டு வெளிப்படும்.

மூன்றாவது, அதே நிறுவனத்தில் வளர்ந்த ஸ்கிஸம் என்ற மாடல். முக்கோணக் கட்டங்கள், ஆழத்துக்கேற்ப அடுக்கு எண்ணிக்கையும் மாறும். பள்ளத்தை உள்ளபடியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டங்களை வரைய நிறையப் பொறுமை வேண்டும். ஒரு பொறியும் இருக்கிறது: துல்லியம் கூடும் என்று நேரப்படியை (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே மாடல் தாவும் நேரத்தை) மிகவும் சிறிதாக்கினால், இதில் பிழை கூடும். ஒவ்வொரு நேரப்படியிலும் வேகத்தை இடைக்கணிப்பு செய்வதால் (அக்கம்பக்கப் புள்ளிகளின் எண்களிலிருந்து கணிப்பதால்), படிகள் பெருகப் பெருக ஓட்டத்தின் கூர்மை மழுங்குகிறது.

மூன்றுக்கும் பொதுவான பிழை ஒன்று உண்டு. கடல் வரைபடத்து ஆழம் தாழ்நீர் மட்டத்திலிருந்து அளந்தது. மாடல் பெரும்பாலும் சராசரி மட்டத்தைக் கேட்கும். இதைக் கவனிக்காமல் 6.5 மீட்டரை 6.1 என்று கொடுத்தால் என்ன ஆகும்? ஆழம் எங்கும் ஒன்றே என்று வைத்து மோட்டாகக் கணக்கிட்டால், 300 கி.மீ. கடக்கும் ஓதம் சுமார் 20 நிமிடம் தாமதமாகும். அதையும் தரை உராய்வைக் குறைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்பதுதான் ஆபத்து. பழவேற்காடு போல மணல் அடைத்துக்கொள்ளும் முகத்துவாரத்தில் போன வருடத்து ஆழம்கூட உதவாது.

என் தேர்வு மூன்றாவதுதான். வளைகுடாவைச் சீரமைக்கும் செசபீக் திட்டமும் அடுத்த கட்ட மாடலுக்கு ஸ்கிஸத்தையே எடுத்திருக்கிறது. சிக்மாவில்தான் வேலை செய்தாக வேண்டும் என்றால், மழுப்புவதற்கு முன்னும் பின்னும் பள்ளத்தின் குறுக்குவெட்டை வரைந்து அறிக்கையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.